முதல் டேண்டம் குதிப்புக்கு முன்: மாணவர் கையிலும் காலிலும் இருக்கும் பாதுகாப்பு

கலிஃபோர்னியாவில் நான் வார இறுதிகளில் விமானத்திலிருந்து குதிப்பவன் என்று தெரிந்ததும், ஊரிலிருந்து வரும் உறவினர்கள் முதல் அலுவலக நண்பர்கள் வரை எல்லோரும் தவறாமல் கேட்கும் கேள்வி, "பாராசூட் விரியாவிட்டால் என்ன செய்வது?" என்பதுதான். கேள்வி நியாயமானதே. ஆனால் டேண்டம் முறையில், அதாவது பயிற்றுநரின் உடலோடு பிணைக்கப்பட்டு முதல் முறையாகக் குதிக்கப் போகிறவர் அதிகம் கவலைப்பட வேண்டிய இடம் அதுவல்ல என்பது என் கருத்து. பாராசூட் விரியாத நிலைக்கென நாற்பது ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பல ஏற்பாடுகள் செய்யப்பட்டிருக்கின்றன. அவற்றில் மாணவர் செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. மாணவரைச் சார்ந்திருக்கும் பாதுகாப்பு வேறு இடங்களில் இருக்கிறது: எந்த மையத்தைத் தேர்ந்தெடுக்கிறார், உடல்நிலை பற்றி எவ்வளவு உண்மையைச் சொல்கிறார், விமானத்தில் எப்படி உட்காருகிறார், தரையிறங்கும்போது காலை எங்கே வைத்திருக்கிறார் என்பவற்றில். நான் டேண்டம் பயிற்றுநர் அல்லன். தனியாகக் குதிக்க உரிமம் பெற்றவன் மட்டுமே. ஆகவே இதைப் பயிற்சிக்கு மாற்றாகக் கொள்ளாமல், பயிற்சியின்போது எதைக் கூர்ந்து கேட்க வேண்டும் என்பதற்கான குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கருவியைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். டேண்டம் முறை 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பாராசூட் வடிவமைப்பாளர்களான பில் பூத், டெட் ஸ்ட்ராங் ஆகியோரின் முயற்சியால் உருவானது. அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ 1984-இல் சோதனை அடிப்படையில் விதிவிலக்கு கொடுத்து இதை அனுமதித்தது. 2001-இல்தான் அது நிலையான விதிகளுக்குள் வந்தது. மாணவர் அணிந்திருப்பது ஹார்னஸ் எனப்படும் பட்டைக் கோப்பு மட்டுமே. அதில் பாராசூட் கிடையாது. பயிற்றுநரின் முதுகில் இருக்கும் பையில் பிரதான பாராசூட்டும், அது பழுதானால் திறக்க வேண்டிய ரிசர்வ் பாராசூட்டும் தனித்தனியாக மடித்து வைக்கப்பட்டிருக்கும். இருவர் எடையும் சேர்ந்து விழுந்தால் வேகம் மணிக்கு 290 கிலோமீட்டரை நெருங்கிவிடும் என்பதால், விமானத்தை விட்டு வெளியேறிய சில நொடிகளில் பயிற்றுநர் ட்ரோக் என்ற சிறு பாராசூட்டை வீசுகிறார். அது இருவரையும் நிலைப்படுத்தி, வேகத்தை மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டருக்குக் குறைக்கிறது. சுமார் 5,000 அடி உயரத்தில் அதே ட்ரோக் விடுவிக்கப்பட்டு, பிரதான பாராசூட்டை வெளியே இழுக்கிறது.

பிரதான பாராசூட் சரியாக விரியாவிட்டால், பயிற்றுநர் ஒரு கைப்பிடியை இழுத்து அதை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, மற்றொரு கைப்பிடியால் ரிசர்வைத் திறக்கிறார். கழற்றிவிடப்படும் பாராசூட்டே போகிற போக்கில் ரிசர்வைத் திறந்துவிடும் இணைப்புப் பட்டையும் உண்டு. பயிற்றுநரால் எதையுமே செய்ய முடியாமல் போனாலும், காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தையும் வேகத்தையும் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும் தானியங்கிக் கருவி ஒன்று பைக்குள் இருக்கிறது. ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் 1991-இல் சந்தைக்குக் கொண்டுவந்த சைப்ரஸ் இவற்றில் புகழ்பெற்றது. அதன் டேண்டம் வகை, சுமார் 1,900 அடியில் இருவரும் இன்னும் தடையின்றி விழும் வேகத்திலேயே இருப்பதைக் கண்டால், ரிசர்வை மூடிவைத்திருக்கும் கயிற்று வளையத்தைச் சிறு வெடிமருந்தால் இயங்கும் கத்தியால் அறுத்துவிடும். வளையம் அறுந்ததும் ரிசர்வ் தானாக வெளியேறும். அமெரிக்க விதிகளின்படி டேண்டம் கருவியில் இத்தகைய சாதனம் இருந்தே ஆக வேண்டும். ரிசர்வை உரிமம் பெற்ற ரிக்கர், அதாவது பாராசூட்டைச் சோதித்து மடிக்கும் வல்லுநர் ஒருவர் 180 நாள்களுக்கு ஒருமுறை பிரித்துச் சோதித்து மீண்டும் மடிக்க வேண்டும்.

அமெரிக்க பாராசூட் சங்கமான யுஎஸ்பிஏ ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. 2024-இல் அந்நாட்டில் நிகழ்ந்த சுமார் 38.8 லட்சம் குதிப்புகளில் 9 பேர் இறந்தனர். டேண்டம் மாணவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், பத்தாண்டுச் சராசரியில் ஐந்து லட்சம் குதிப்புகளுக்கு ஓர் இறப்பு என்று அந்தச் சங்கம் சொல்கிறது. இந்த எண்களைக் காட்டி, "காரில் போவதைவிடப் பாதுகாப்பானது" என்று விளம்பரம் செய்யும் மையங்களை நான் விரும்புவதில்லை. இறப்புக் கணக்கில் முறிந்த கணுக்காலும் நசுங்கிய முதுகெலும்பும் வருவதில்லை. அதோடு, சராசரி என்பது நல்ல மையத்தையும் மோசமான மையத்தையும் சேர்த்துக் கூட்டியது.

மையத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் மாணவர் எடுக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு முடிவு என்று நான் கருதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2016 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் லோடை நகருக்கு அருகே, முதல் முறையாகக் குதித்த 18 வயது இளைஞரும் அவருடைய பயிற்றுநரும் பாராசூட் விரியாமல் இறந்தனர். அந்தப் பயிற்றுநருக்கு முறையான டேண்டம் தகுதிச் சான்று இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. பயிற்சி கொடுக்கும் தகுதி தனக்கு நிறுத்திவைக்கப்பட்டிருந்த நிலையிலும் பயிற்றுநர்களை உருவாக்குவதாகப் பணம் வாங்கிக்கொண்டு இவருக்கும் மற்றவர்களுக்கும் பயிற்சி நடத்திய ஒருவரை, 2024-இல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் நடுவர் குழு குற்றவாளி என்று தீர்மானித்தது. குதிக்க வந்த அந்த இளைஞருக்கு இவற்றில் எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதனால்தான் கேட்க வேண்டும் என்கிறேன்.

எஃப்ஏஏ விதிப்படி டேண்டம் பயிற்றுநருக்குக் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமும், 500 தடையற்ற வீழ்ச்சிக் குதிப்புகளும், அங்கீகரிக்கப்பட்ட அமைப்பின் உயர்நிலை உரிமமும், அந்தக் குறிப்பிட்ட டேண்டம் கருவிக்கான பயிற்சியும் இருக்க வேண்டும். "என்னோடு குதிக்கப்போகும் பயிற்றுநரின் டேண்டம் தகுதி நடப்பில் இருக்கிறதா, அட்டையைப் பார்க்கலாமா?" என்று தொலைபேசியிலேயே கேட்கலாம். ஒழுங்கான மையத்தில் இதைக் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சுளித்தால் அதுவே விடை. ரிசர்வ் கடைசியாக எப்போது மடிக்கப்பட்டது என்பதைக் காட்டும் சிறு அட்டை பையிலேயே செருகப்பட்டிருக்கும். அதையும் காட்டச் சொல்லலாம். இணையத்தில் தேடும்போது முதலில் வந்து நிற்கும் பக்கங்களில் சில, சொந்தமாக ஒரு விமானமோ பயிற்றுநரோ இல்லாத தரகர்களுடையவை. பணம் கட்டுவதற்கு முன், எந்த ஓடுதளத்திலிருந்து எந்த மையத்தின் விமானம் கிளம்புகிறது என்ற தகவல் கையில் இருக்க வேண்டும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதிதான், இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. வெப்பமான வறண்ட பகுதிகளில் பிற்பகலில் தரை சூடேறிக் காற்று கொந்தளிக்கும். சூறைச் சுழல்கள் தரையில் ஓடும். விரிந்த பாராசூட் அதில் சிக்கினால் தரைக்குச் சற்று மேலே காற்றை இழந்து சரிந்துவிடலாம். ஆகவே காலை நேரத்தை முன்பதிவு செய்யுங்கள். அதைவிட முக்கியம், அன்று மாலையே ஊருக்கு விமானம் ஏற வேண்டும் என்ற நிலையில் வராதீர்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், எப்படியாவது அனுப்பிவிடுங்கள்" என்று காற்று ஓயக் காத்திருக்கும் பயிற்றுநரிடம் குடும்பமே சேர்ந்து கெஞ்சுவதை நான் கண்டிருக்கிறேன். அந்த நெருக்கடியை அவர் தலையில் ஏற்றுவது உங்களுக்கு நல்லதல்ல.

உடல்நிலைப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள். இரத்த அழுத்தம், வலிப்பு, நீரிழிவுக்கு இன்சுலின், கழுத்து அல்லது முதுகு அறுவைச் சிகிச்சை, கர்ப்பம் ஆகியவற்றை மறைத்துவிட்டு மேலே போவது வீண் துணிச்சல். பலர் எழுத மறப்பது தோள்மூட்டு. முன்பு ஒருமுறை தோள் நழுவியிருந்தால், காற்றில் கையை விரிக்கும்போது அது மறுபடியும் நழுவக்கூடும். முன்கூட்டியே சொன்னால் கையை விரிக்காமலே குதிக்கும் முறையைப் பயிற்றுநர் சொல்லித்தருவார். சளியும் மூக்கடைப்பும் இருந்தால் தள்ளிப்போடுங்கள். பதின்மூன்றாயிரம் அடியிலிருந்து சில நிமிடங்களில் இறங்கும்போது அடைத்துக்கொண்ட காது படுத்தும் பாடு சாதாரணமானதல்ல, செவிப்பறை கிழிந்தவர்களும் உண்டு. ஹவாய் போன்ற இடங்களுக்குச் சுற்றுலா போகிறவர்கள் முதல் நாள் கடலுக்குள் ஸ்கூபா மூழ்குதல், மறுநாள் காலை ஸ்கைடைவிங் என்று திட்டமிடுகிறார்கள். மூழ்கியபின் உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேறுவதற்குள் உயரே போவது ஆபத்து. ஒரு முழு நாளாவது இடைவெளி விடுங்கள், அல்லது முதலில் குதித்துவிட்டுப் பிறகு மூழ்குங்கள். மது அருந்திவிட்டு வருபவரைக் குதிக்கவிடக் கூடாது என்பது சட்டம். முந்தைய இரவு விருந்தின் மிச்சமும் அதில் அடங்கும். வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பது தவறான நம்பிக்கை. இரண்டு இட்லி சாப்பிட்டு, போதுமான தண்ணீர் குடித்துவிட்டு வருகிறவர்களுக்குத்தான் மயக்கமும் குமட்டலும் குறைவு.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்கு ஒரு தனிக் குறிப்பு. அறுபதைக் கடந்த அப்பாவை ஆசையாக அழைத்துவந்து குதிக்கவைக்கும் பிள்ளைகள் இங்கே நிறைய உண்டு; அது அழகான ஆசைதான், யுஎஸ்பிஏ விதிப்படி 18 வயது நிறைந்திருக்க வேண்டுமே தவிர மேல்வரம்பு இல்லை. ஆனால் வருகையாளர்களுக்கென வாங்கும் மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை சாகச விளையாட்டுகளை விலக்கிவைத்திருக்கும். குதிக்கும் முன் நீங்கள் கையெழுத்திடும் பல பக்க ஒப்பந்தத்தில், காயமடைந்தால் மையத்தின் மீது வழக்குத் தொடர மாட்டேன் என்று எழுதிக்கொடுக்கிறீர்கள். இவை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கணுக்கால் முறிவு ஒன்றுக்கு வரும் மருத்துவமனைச் செலவு முழுவதும் பிள்ளையின் தலையில் விழும். காப்பீட்டுப் பத்திரத்தின் விலக்குப் பட்டியலை அன்றைக்கு முன்பே படித்துவிடுங்கள்.

உடை பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை: கால்சட்டை, உடலோடு ஒட்டிய மேலாடை, கயிறு கட்டிய காலணி. கொக்கி வைத்த பூட்ஸ் வேண்டாம், பாராசூட் கயிறு அதில் மாட்டும். மோதிரம், வளையல், தொங்கட்டான் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் அதைப் பயிற்றுநரிடம் சொல்லி, உள்ளாடைக்குள் செருகி, மேலே மருத்துவ டேப் ஒட்டிக்கொள்ளலாம். கழுத்துக்கு வெளியே தொங்கும் சங்கிலி காற்றில் முகத்தில் அடிப்பதோடு, ஹார்னஸின் மார்புப் பட்டைக்குள்ளும் சிக்கும். "சேலையில் குதித்தார்களே" என்று கேட்பவர்களுக்கு: 2018-இல் தாய்லாந்தின் பட்டாயாவில் ஒன்பது கஜச் சேலையில் குதித்த ஷீத்தல் மகாஜன் பல ஆண்டு அனுபவமுள்ள ஸ்கைடைவர், அது முதல் குதிப்பு அல்ல. கண்ணாடி அணிபவர்கள் அதன்மேல் மாட்டும் பெரிய காகிள்ஸைக் கேட்டு வாங்குங்கள். கைபேசியைத் தரையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். உரிமம் பெற்றவர்களே குறைந்தது 200 குதிப்புகளுக்குப் பிறகுதான் கேமராவோடு குதிக்க வேண்டும் என்று யுஎஸ்பிஏ பரிந்துரைக்கிறது என்னும்போது, முதல் நாளில் கையில் கைபேசி எதற்கு?

தரைப் பயிற்சி பல இடங்களில் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. சில இடங்களில் ஒரு காணொளியைப் போட்டுவிட்டு அதையே பயிற்சி என்கிறார்கள். அது போதாது. பயிற்றுநர் உங்களைத் தரையில் படுக்கவோ தொங்கவோ வைத்து, காற்றில் உடலை வைத்துக்கொள்ள வேண்டிய நிலையைச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். ஹார்னஸை மாட்டும்போது பேச்சை நிறுத்திவிட்டுக் கவனியுங்கள். தொடைப் பட்டைகள் இடுக்குவரை மேலேறி, இறுக்கமாக, நிமிர்ந்து நிற்கவே சற்றுச் சிரமமாக இருக்கும் அளவுக்குப் பிடித்திருக்க வேண்டும். மார்புப் பட்டை, வயிற்றுப் பட்டை, பக்கவாட்டு இறுக்கிகள் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். தரையில் வசதியாக இருக்கும் ஹார்னஸ் காற்றில் தளர்ந்துபோகும். 2011-இல் கலிஃபோர்னியாவில் 80 வயதுப் பெண்மணி ஒருவர் விமானத்தின் கதவருகே தயங்கிப் பின்வாங்கியபடியே வெளியேற, அவருடைய ஹார்னஸ் மேல்நோக்கி நழுவியது; பயிற்றுநர் அவரைக் கையால் பிடித்துக்கொண்டே இறங்கினார். அவர் காயமின்றித் தப்பினார், ஆனால் அந்தக் காணொளியைப் பார்த்தவர்கள் தொடைப் பட்டையைப் பற்றி இரண்டாம் முறை யோசிக்காமல் இருக்க முடியாது. இப்போது மாணவர் பின்பக்கமாக நழுவி வெளியேறாமல் தடுக்கும் கூடுதல் பட்டை கொண்ட ஹார்னஸ்கள் பழக்கத்துக்கு வந்துவிட்டன. அது இருக்கிறதா, மாட்டப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

ஸ்கைடைவிங்கில் பலரும் எண்ணிப்பார்க்காத ஆபத்து விமானமே. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1980-இலிருந்து அதுவரை பாராசூட் பணியில் இருந்த விமானங்களின் 32 விபத்துகளில் 172 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் குதிக்கச் சென்றவர்கள். 1992 ஏப்ரல் 22-இல் கலிஃபோர்னியாவின் பெரிஸ் பள்ளத்தாக்கில் மாசுபட்ட எரிபொருளால் புறப்படும்போதே எஞ்சின் சக்தி இழந்து விழுந்த ட்வின் ஆட்டர் விமானத்தில் இருந்த 22 பேரில் 16 பேர் இறந்தனர். அதன்பிறகே ஸ்கைடைவிங் விமானங்களில் இருக்கைப் பட்டை அணிவது பற்றிய பிடிவாதம் வந்தது. 2019 ஜூன் 21-இல் ஹவாயின் மொகுலேயாவில் கிங் ஏர் விமானம் மேலெழும்பியவுடன் கவிழ்ந்து 11 பேரும் இறந்தனர். விமானி புறப்படும்போதே காட்டிய மூர்க்கமான திருப்பம்தான் காரணம் என்று என்டிஎஸ்பி கண்டறிந்தது.

எனவே விமானத்தில் உங்கள் கடமைகள் தெளிவானவை. எஞ்சினில் சுழலும் ப்ரொப்பெல்லருக்கு அருகே போகாமல், அழைத்துச்செல்பவரின் பின்னாலேயே நடந்து ஏறுங்கள். தரையில் உட்காரவைக்கப்பட்டாலும், நீள்பலகையில் உட்காரவைக்கப்பட்டாலும், உங்களுக்குரிய இருக்கைப் பட்டையை மாட்டச் சொல்லுங்கள். பல விமானங்களில் அது ஹார்னஸின் ஒரு பட்டைக்குள் கோத்து மாட்டப்படும். சுமார் 1,500 அடி தாண்டும்வரை அதைக் கழற்ற வேண்டாம். தாழ்ந்த உயரத்தில் எஞ்சின் நின்றால் எல்லோரும் விமானத்தோடு தரையிறங்குவார்கள். அப்போது பட்டையை இறுக்கி, தலையைக் குனிந்து, கைகளால் தலையைக் காத்துக்கொள்ள வேண்டும். போதிய உயரம் இருந்தால் பயிற்றுநர் உங்களைத் தன்னோடு விரைவாகப் பிணைத்துக்கொண்டு வெளியேறுவார், பெரும்பாலும் நேரடியாக ரிசர்வையே திறப்பார். இரண்டு நிலையிலும் நீங்களாக எழுந்து நிற்பதும் கதவை நோக்கி நகர்வதும் கூடாது. ஒருவர் பின்னால் நகர்ந்தாலே சிறு விமானத்தின் எடைச் சமநிலை மாறும். "அவசரத்தில் நமக்குள் என்ன ஏற்பாடு?" என்று ஏறும் முன்பே பயிற்றுநரிடம் கேட்டு, அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்காட்டுங்கள்.

உயரம் ஏறியபின் பயிற்றுநர் நான்கு கொக்கிகளால் உங்களைத் தன்னோடு பிணைப்பார்: தோளருகே இரண்டு, இடுப்பருகே இரண்டு. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மாட்டும்படியும், கதவு திறப்பதற்கு முன் மறுபடி சரிபார்க்கும்படியும் கேட்பதில் தவறில்லை. உங்கள் முதுகு அவர் மார்போடு இடைவெளியின்றி ஒட்டியிருக்க வேண்டும். குதிக்க வேண்டாம் என்று முடிவு செய்தால், அதைக் கதவருகே போவதற்கு முன்பே தலையை அசைத்துத் தெளிவாகச் சொல்லுங்கள். விமானத்தோடு இறங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை. விளிம்பில் நின்றுகொண்டு கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொள்வதுதான் ஆபத்து, ஏனென்றால் அந்த நொடியில் இருவரின் எடையும் ஏற்கெனவே வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்.

வெளியேறும்போது கைகள் மார்புப் பட்டைகளில், தலை பின்னால் சாய்ந்து பயிற்றுநரின் தோளில், இடுப்பு முன்தள்ளி, கால்கள் மடங்கி அவருடைய கால்களுக்கு இடையே பின்னோக்கி. வாழைப்பழம் போல வளைந்திருங்கள் என்று எல்லா மையங்களிலும் சொல்வார்கள், அது சரியான உவமைதான். தோளில் தட்டியதும் கைகளை விரிக்கலாம். இந்த வளைவுதான் இருவரையும் வயிறு கீழ்நோக்க நிலையாக விழவைக்கிறது. முழங்காலை வயிற்றுக்கு இழுத்துக்கொள்வதும் கால்களை உதைப்பதும் சுழற்சியைத் தொடங்கிவிடும். பக்கவாட்டில் வேகமாகச் சுழலும்போது ட்ரோக்கை வீசுவது கடினமாகிறது, வீசினாலும் அது உடலில் சுற்றிக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது. பயத்தில் மனிதக் கை எதையாவது பற்றத் தேடும். பின்னால் கையை நீட்டிப் பயிற்றுநரின் கையையோ அவர் இடுப்பருகே உள்ள கைப்பிடிகளையோ பிடிக்காமல் இருப்பதே உங்களிடம் எதிர்பார்க்கப்படும் மிகப் பெரிய ஒத்துழைப்பு. பயம் மேலிட்டால் உங்கள் சொந்த மார்புப் பட்டைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவை உங்களுக்காகவே இருக்கின்றன.

பாராசூட் விரியும்போது முதலில் ஓர் இழுப்பு, பிறகு அமைதி. அமைதிக்குப் பதிலாகச் சுழற்சி ஏற்பட்டால், அல்லது பயிற்றுநர் உரக்கக் கட்டளையிட்டால், கைகளைப் பட்டைகளுக்குக் கொண்டுபோய், கால்களைப் பின்னே மடித்து, மீண்டும் அதே வளைவுக்கு வந்துவிடுங்கள். பழுதான பாராசூட்டைக் கழற்றியவுடன் ஒரு கணம் மறுபடி விழுவதுபோல் தோன்றும். அது திட்டப்படி நடப்பதுதான். அடுத்த கணமே ரிசர்வ் விரியும். அந்த இடைவெளியில் நிமிர்ந்து பார்ப்பதும் மேலே செல்லும் பட்டைகளைப் பற்றுவதும் வேண்டாம். பாராசூட் நிலையானபின் தொடைப் பட்டைகள் உறுத்தும். சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரும். உடனே சொல்லுங்கள், பயிற்றுநர் இடுப்புக் கொக்கிகளைச் சற்றுத் தளர்த்தி உங்களை வசதியாக உட்காரவைப்பார், வேகமான திருப்பங்களை நிறுத்திவிடுவார். அவர் கொக்கியில் கைவைக்கிறாரே என்று பதற வேண்டாம். எடையைத் தாங்குவது தோள் கொக்கிகள். காது அடைத்தால் மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெல்ல ஊதுங்கள்.

இந்தச் சில நிமிடங்களில், "திசைமாற்றும் கைப்பிடிகள் எவை?" என்று கேட்டுப் பிடித்துப் பாருங்கள். பொழுதுபோக்குக்காகத்தான் பெரும்பாலானோர் பிடிக்கிறார்கள். நான் வேறு காரணத்துக்காகச் சொல்கிறேன். 2009-இல் தென் கரோலினாவின் செஸ்டரில், முதல் முறையாகக் குதித்த ஓர் இளம் இராணுவ வீரரின் பயிற்றுநர், பாராசூட் விரிந்த பிறகு மாரடைப்பால் செயலிழந்தார். பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தியதும் ஏதோ தவறு என்று உணர்ந்த மாணவர், கைப்பிடிகளைப் பற்றி, மரங்களையும் வீட்டையும் தவிர்த்து, திறந்த இடத்தில் இறங்கி, பயிற்றுநருக்கு இதய மீட்பு முதலுதவியும் செய்து பார்த்தார். பயிற்றுநரைக் காப்பாற்ற முடியவில்லை. மாணவர் காயமின்றி நின்றார். இப்படி நடப்பது மிக மிக அரிது, இதற்காகப் பயிற்சி எடுக்க வேண்டியதில்லை. ஆயினும் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும்: வலது கைப்பிடியை மெல்ல இழுத்தால் வலப்புறம், இடதை இழுத்தால் இடப்புறம், தரைக்கு அருகில் கூர்மையான திருப்பம் ஒருபோதும் வேண்டாம், தடைகளற்ற திறந்த வெளியை நோக்கி நேராகப் போய், தரை நெருங்கியதும் இரண்டையும் ஒரே சீராகக் கீழே முழுவதும் இழுத்து, காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும்.

கடைசியில் சொன்ன அந்தக் கால்தான் இந்தப் பதிவில் நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது. தரைக் களத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் எவரையும் கேளுங்கள்: டேண்டம் மாணவர்களுக்கு ஏற்படும் காயங்களில் பெரும்பகுதி இறங்கும் கடைசி இரண்டு நொடிகளில் ஏற்படுவதே. வழக்கமான டேண்டம் தரையிறக்கத்தில் இருவரும் உட்கார்ந்தபடி புல்லிலோ மணலிலோ சறுக்கி நிற்பார்கள். மாணவர் முன்னால் இருப்பதால், அவர் கால் தாழ்ந்திருந்தால் முதலில் தரையைத் தொடுவது அதுதான். குதிகால் ஊன்றி நின்றுவிட, பின்னாலிருந்து பயிற்றுநரின் எடையும் பாராசூட்டின் முன்னோட்டமும் அந்தக் கணுக்காலின்மேல் வந்து விழும். தரை தன்னை நோக்கி வருவதைப் பார்க்கும் எந்த மனிதனும் நிற்பதற்குக் காலை நீட்டவே செய்வான், அது பிறவிப் பழக்கம். அதை மீறத்தான் பயிற்சி.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்துபாருங்கள். நாற்காலியின் முன்விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் சேர்த்து, முழங்காலை மார்பை நோக்கி உயர்த்தி, பாதங்களை முன்னே நீட்டி, கால்விரல்கள் வானத்தைப் பார்க்க, மெதுவாகப் பத்து வரை எண்ணுங்கள். நடுங்காமல் நிற்கிறதா? ஹார்னஸில் தொங்கும்போது இது இன்னும் கடினம், ஏனென்றால் தொடைப் பட்டை ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருக்கும். முடியாதவர்கள் கைகளைத் தொடைக்கு அடியில் கோத்தோ, முழங்காலருகே கால்சட்டைத் துணியைப் பிடித்தோ தூக்கிக்கொள்ளலாம். பல மையங்களின் குதிப்பு உடையில் அதற்கென்றே முழங்காலில் துணிப்பிடி தைத்திருப்பார்கள். மூட்டு வலியோ, பருத்த வயிறோ, தளர்ந்த இடுப்போ காரணமாக அப்படியும் முடியாவிட்டால், தரையிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். பயிற்றுநர் காற்று நிலைமையைப் பார்த்து வேறு முறையில் இறங்கவோ, தரையில் உதவிக்கு ஆளை நிறுத்தவோ, அன்று வேண்டாம் என்று சொல்லவோ செய்வார். மேலே, பாராசூட் விரிந்தபின், இருநூறு அடிக்கு வருமுன்பே ஒருமுறை காலைத் தூக்கிக்காட்டும்படி அவர் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் நீங்களே தூக்கிக்காட்டி, "இது போதுமா?" என்று கேளுங்கள். கட்டளை வந்தபின் தூக்கிய காலை, முழுவதுமாக நின்றுவிட்டோம் என்று அவர் சொல்லும்வரை இறக்கக் கூடாது.

குறித்த களத்துக்கு வெளியே இறங்க நேர்ந்தால் பொறுப்பு முழுவதும் பயிற்றுநருடையது. சில தகவல்கள் மட்டும் போதும். தண்ணீரை நோக்கிப் போகிறீர்கள் என்றால், மேலே இருக்கும்போது எந்தக் கொக்கியையும் நீங்களாகக் கழற்றாதீர்கள். நீரைத் தொடும் முன் மூச்சை இழுத்துப் பிடித்து, பிறகு அவர் சொற்படி செய்யுங்கள். மரமென்றால் கால்களைச் சேர்த்து, முழங்கைகளை உடலோடு ஒட்டி, முகத்தைக் கைகளால் மறைத்துக்கொண்டு, சிக்கியபின் உதவி வரும்வரை அசையாமல் இருக்க வேண்டும். மின்கம்பியில் பாராசூட் மாட்டினால், மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியாகும்வரை தரையில் உள்ளவர்கள் யாரும் உங்களைத் தொடக் கூடாது. காணொளி எடுக்க ஓடிவரும் உறவினர்களுக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இறங்கியதும் உடனே எழுந்துவிடாதீர்கள். இன்னும் நான்கு கொக்கிகளும் மாட்டியபடியே இருக்கின்றன. பாராசூட் காற்றை இழந்து சரியும்வரை அது இருவரையும் இழுக்கக்கூடும். பயிற்றுநர் கழற்றிவிட்டபின், கணுக்காலிலோ வால் எலும்பிலோ முதுகிலோ கூர்மையான வலி இருந்தால், கேமராவுக்குச் சிரித்துக்கொண்டு எழுந்து நிற்க முயலாமல் அங்கேயே உட்கார்ந்து சொல்லுங்கள். பரபரப்பு அடங்காத அந்தப் பத்து நிமிடங்களில் வலி மட்டுப்பட்டே தெரியும். மாலையில் கீழ்முதுகு இறுகிக்கொண்டு உட்கார முடியாமல் போனால், "தசைப்பிடிப்பாக இருக்கும்" என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுக்காமல், எலும்புப் படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். நடந்து திரும்பும் வழியில் அடுத்த குழு ஏறுவதற்காக விமானம் எஞ்சினை அணைக்காமலே நின்றிருக்கக்கூடும். அந்தப் பக்கம் போகாமல், வேலியோரப் பாதையிலேயே வாருங்கள்.